‘சரிங்க டாக்டர்’

சுகர், பிரஷர் என்று ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் எல்லோருக்கும் இந்த மூன்று வாக்கியமும் மனப்பாடம். “இனிப்பைத் தொடாதீங்க. தினமும் அரை மணி நேரம் நடங்க. பீடி சிகரெட்டை விட்டுடுங்க.” டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே சொல்வார். நாம் எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே “சரிங்க டாக்டர்” என்போம். அடுத்த மாதமும் அதேதான். டாக்டர் சொன்னதில் பொய் இல்லை. நாமும் அவரை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனாலும் இருவருக்கும் நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை.

இதைப் பற்றி எனக்கு அழுத்தமான ஒரு கருத்து உண்டு. நோயாளியின் பழக்கத்தை மாற்றுவதற்காக அவரிடம் பேசுவது தனியாகக் கற்க வேண்டிய ஒரு வேலை. ஊசி போடுவது, தையல் போடுவது போல, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்து, தப்பாகச் செய்தால் திருத்தி, பரீட்சை வைத்துத் தேற்ற வேண்டிய வேலை. நம் மருத்துவக் கல்லூரிகளில் நெடுங்காலம் அப்படி ஒரு வேலை இருப்பதாகவே யாரும் நினைக்கவில்லை. இப்போது பாடத்திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதையும் வகுப்பறையில் திரையில் படம் போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கி முடித்துவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

நான் டாக்டர் இல்லை. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் சமூகப் பணியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாணவர்களைக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றி, கிராமத்து சுகாதார மையத்துக்கு அழைத்துப்போய், வீடு வீடாகக் கூட்டிச்சென்று, மறுபடி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலையில் பெரிய பங்கு. டாக்டர்கள் பேசுவதையும் கேட்டிருக்கிறேன், அவர்கள் போன பிறகு ஜனங்கள் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். இந்த இரண்டாவது பேச்சு டாக்டர்கள் காதில் விழுவதே இல்லை.

பரீட்சையில் மாணவர்கள் எழுதும் விடை எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய் பற்றி ஆறு பக்கம் எழுதுவார்கள். நோய் எப்படி வருகிறது, என்ன பரிசோதனை, என்ன மருந்து, எவ்வளவு மில்லிகிராம், எல்லாம் இருக்கும். கடைசியில் ஒரு வரி: ‘உணவு, உடற்பயிற்சி குறித்து நோயாளிக்கு அறிவுரை கூறவும்.’ அவ்வளவுதான். அந்த வரிக்கு அரை மார்க்கோ ஒரு மார்க்கோ கிடைக்கும். எப்படிக் கூறுவது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கேட்டவருக்கே விடை தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

2009 வாக்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், நல்ல பையன், புத்திசாலி. கிராமத்தில் ஒரு கொத்தனாரிடம் பேச விட்டோம். அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. இருமல் விட்டபாடில்லை. மாணவன் பிரமாதமாகப் பேசினான். பீடிப் புகையில் நாலாயிரம் ரசாயனம் இருக்கிறது என்றான். நுரையீரல் படத்தை எடுத்துக் காட்டினான். புற்றுநோய், மாரடைப்பு, கால் அழுகல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். பத்து நிமிஷம் இருக்கும். கொத்தனார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். “சரிங்க தம்பி, சரிங்க, விட்டுடறேங்க.” மாணவனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அவர் வெளியே போய், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மடியிலிருந்து பீடியை எடுத்தார். ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தோம்.

அங்கே கிராம சுகாதார செவிலியர் ஒரு அம்மா இருந்தார். அவர் அந்த ஊரில் பிரசவம் பார்க்காத வீடு குறைவு. சிரித்துக்கொண்டே மரத்தடிக்குப் போனார். என் கண்ணைப் பார்த்ததும் நான் மாணவர்களையும் பின்னால் போகச் சொன்னேன். அந்த அம்மா பேசியது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

“ஏண்ணே, இத விடணும்னு எப்பவாச்சும் நெனச்சதுண்டா?”

“நெனக்காம என்ன நர்சம்மா. மாலை போட்ட வருஷம் நாப்பத்தெட்டு நாள் தொடல.”

“அட, நாப்பத்தெட்டு நாளா? அப்ப முடிஞ்சிருக்கே. சரி, இப்ப ரூவாய்க்கு எத்தனை அணா விடணும்னு தோணுது?”

அவர் யோசித்தார். “நாலணா இருக்கும்.”

“ஒரு அணா கூட இல்லன்னு சொல்லாம நாலணான்னு ஏண்ணே சொன்னீங்க?”

கொத்தனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. பேத்தியைத் தூக்கப் போனால் மகள் கொடுப்பதில்லை. “நாத்தம் அடிக்குதுப்பா, குளிச்சிட்டு வா”ங்கிறாளாம். அதைச் சொல்லும்போது அவர் கையில் இருந்த பீடி அணைந்துவிட்டது. திரும்பப் பற்ற வைக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த மாணவன் என்னிடம் கேட்டான். “சார், அந்தம்மா எதுவுமே சொல்லலையே சார். கேள்விதானே கேட்டாங்க?” மூன்று வருஷப் படிப்பில் அவன் கண்டுபிடித்ததில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கொத்தனார் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அந்த மாணவர்களின் போஸ்டிங் முடியும்போது ஒரு நாளைக்கு ஆறு பீடிக்கு வந்திருந்தார். முழுதாக விட்டாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் அவர் வேலைக்குத் திருப்பூர் பக்கம் போய்விட்டார்.

அந்தச் செவிலியர் அம்மா எந்தப் புத்தகமும் படித்து இப்படிப் பேசவில்லை. ஆனால் புத்தகம் இருக்கிறது. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், குடிப்பழக்கம் உள்ளவர்களோடு வேலை செய்தவர். 1982-ல் நார்வே நாட்டில் பெர்கன் ஊருக்கு அருகே ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போயிருந்தார். அங்கே இருந்த இளம் உளவியலாளர்கள், ‘நோயாளியிடம் நீங்கள் பேசுவது போலப் பேசிக் காட்டுங்கள்’ என்றார்கள். நடுநடுவே நிறுத்தி, ‘இந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள், இதை ஏன் கேட்கவில்லை’ என்று துளைத்தார்கள். பதில் சொல்லப் போய்த்தான் தான் என்ன செய்கிறோம் என்பதே அவருக்குப் பிடிபட்டது. 1983-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். பிறகு வேல்ஸில் பணியாற்றிய ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து 1991-ல் புத்தகமாக்கினார். இன்று உலகம் முழுக்க அது ஒரு சிகிச்சை முறை.

அதன் உள்ளடக்கம் நம் வீட்டுக் கதைதான். ஒருவருக்கு ஒரு பழக்கத்தை விடவும் ஆசை இருக்கும், விடாமல் இருக்கவும் ஆசை இருக்கும். இரண்டும் ஒரே மனசுக்குள் இருக்கும். நாம் போய் ‘விடு’ என்ற பக்கத்தைப் பிடித்து இழுத்தால், அவர் மிச்சம் இருக்கும் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்வார். “எங்கப்பா தொண்ணூறு வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு” என்பார். அப்படிச் சொல்லச் சொல்ல, தன் வாயால் தன்னையே அந்தப் பக்கம் உறுதிப்படுத்திக்கொள்வார். அதனால், விடுவதற்கான காரணம் டாக்டர் வாயிலிருந்து வராமல் நோயாளி வாயிலிருந்து வர வேண்டும். அதை வரவழைக்கும் கேள்விகளைத்தான் மாணவனுக்குச் சொல்லித்தர வேண்டும். செவிலியர் அம்மா கேட்ட ‘ரூவாய்க்கு எத்தனை அணா’ கேள்விக்கு அந்த முறையிலும் இடம் உண்டு. அங்கே பத்துக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். நாலு என்றால், ‘ஏன் பத்து இல்லை’ என்று கேட்கக்கூடாது. ‘ஏன் ஒன்று என்று சொல்லவில்லை’ என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு சாக்கு வரும். இரண்டாவதற்குக் காரணம் வரும்.

ஆனால் மேல்நாட்டுப் புத்தகத்தில் இல்லாத ஒன்று நம் ஊரில் இருக்கிறது. அதுதான் இந்த ‘சரிங்க.’ அமெரிக்காக்காரர் டாக்டரிடம் எதிர்வாதம் செய்வாராம். நம் ஆள் செய்யமாட்டார். படித்தவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசுவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர். பேரன் வயதுப் பையன் கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னாலும் “சரிங்க” என்றுதான் சொல்வார். அந்த ‘சரிங்க’வுக்கு ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று அர்த்தம் கிடையாது. ‘நீங்க சொன்னது காதில் விழுந்தது, என்னை அனுப்பி வையுங்க’ என்று அர்த்தம். சில சமயம், ‘உங்களுக்கு என் நிலைமை தெரியாது, சொன்னாலும் புரியாது’ என்றும் அர்த்தம். மாணவனுக்கு ஸ்டெதஸ்கோப்பில் இதயச் சத்தம் எத்தனை வகை என்று பிரித்துக் கேட்கச் சொல்லிக்கொடுக்கிறோம். ‘சரிங்க’ எத்தனை வகை என்றும் சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

இந்த இடத்தில் என் வயதுக்காரர்கள் ஒன்று சொல்வீர்கள். ‘அந்தக் காலத்து டாக்டர் திட்டுவார், நாங்கள் கேட்டோம். இந்தக் கேள்வி கேட்கிற வித்தையெல்லாம் எதற்கு?’ உண்மைதான். நம் ஊரில் டாக்டர் திட்டினார் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. “என்னைப் போய் செம திட்டு திட்டிட்டாருப்பா” என்று சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும். ஆனால் அந்த டாக்டர் நம் அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தவர், நம் பிள்ளைக்கு அம்மை வந்தபோது ராத்திரி பதினொரு மணிக்கு சைக்கிளில் வந்தவர். இருபது வருஷம் பழகி சம்பாதித்த உரிமையில் திட்டினார். இருபத்திரண்டு வயது ஹவுஸ் சர்ஜன், நம்மை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறவர், அதே திட்டைத் திட்டினால் அது வேறு. அவமானம்தான் மிஞ்சும். அடுத்த முறை அந்த ஓ.பி.க்கே வரமாட்டார்கள். குடும்ப டாக்டரின் உரிமையைக் கல்லூரியில் சொல்லித்தர முடியாது. கேட்கத் தெரிவதைச் சொல்லித்தரலாம்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா, பத்து வருஷமாக சுகர். கேஸ் ஷீட்டில் ஒவ்வொரு விசிட்டிலும் ஒரே குறிப்பு, ‘மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.’ ஒவ்வொரு முறையும் அறிவுரை கொடுத்ததாகவும் குறிப்பு இருக்கிறது. ‘ஏன் சாப்பிடுவதில்லை’ என்று கேட்டதாக ஒரு குறிப்பும் இல்லை. காலில் புண் வந்து, இரண்டு விரலை எடுத்த பிறகு, வார்டில் என் மாணவி ஒருத்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள். அந்த அம்மா சொன்னது இது. காலையில் ஏழு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். போகும்போது நீராகாரம் குடித்தால் உண்டு. சாப்பாடு பதினோரு மணிக்குத்தான். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு போன ஒரு நாள் வெயிலில் கை கால் நடுங்கி, வேர்த்துக் கொட்டி, வாய்க்கால் கரையில் விழுந்துவிட்டார். அதிலிருந்து வேலை இருக்கும் நாளில் மாத்திரை கிடையாது, வேலை இல்லாத நாளில் மட்டும்.

அவர் சாப்பிட்டது கிளிபென்கிளமைடு என்ற மாத்திரை. வயிற்றில் ஆகாரம் இல்லாமல் போட்டால் சர்க்கரையைச் சட்டென்று கீழே இறக்கிவிடும். ஆக அந்த அம்மா முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை. விழாமல் கூலி வாங்கி வர என்ன வழியோ அதைச் செய்தார். மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்திருக்கலாம், மாத்திரையையே மாற்றியிருக்கலாம், காலையில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போக வழி என்ன என்று பேசியிருக்கலாம். எல்லாமே சின்ன விஷயம். பத்து வருஷத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த மாணவி அன்று சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போகாமல் எங்கள் துறையில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை, இருந்தாலும் உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாட்டு அறிவுரையும் இதே கதைதான். ஆங்கிலத்தில் அச்சடித்த டயட் சார்ட்டில் ஓட்ஸ் இருக்கும், ஆப்பிள் இருக்கும், தோல் நீக்கிய கோழி இருக்கும். அதை வாங்கிப் போகும் பெண்மணி வீட்டில் ஆறு பேருக்குச் சமைத்து, கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர். குழம்பில் உப்பைக் குறைத்தால் தட்டு பறக்கும் வீடுகள் உண்டு. அவரிடம் ‘உப்பைக் குறைங்க’ என்று சொல்வதில் பயனில்லை, அவருடைய கணவரையும் மாமியாரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்த மாணவனுக்குத்தான் இது தெரியும். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று பெயர் சொல்லிப் பேச அவனுக்குத்தான் வரும்.

‘இப்படியெல்லாம் பேசி என்ன பிரயோஜனம், யார் கேட்கப்போகிறார்கள்’ என்று டாக்டர்களே அலுத்துக்கொள்வதுண்டு. கணக்கைப் பார்ப்போம். லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் என்பவரின் குழு 1979-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. புகை பிடிப்பவர்களிடம் பொது மருத்துவர் ஓரிரு நிமிஷம் பேசி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, ‘பிறகு விசாரிப்போம்’ என்றும் சொல்லி அனுப்பினார். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது 5.1 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். எதுவும் சொல்லாத குழுவில் 0.3 சதவீதம். நூற்றுக்கு ஐந்துதானா என்று தோன்றும். ஒரு நாளில் நம் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அந்த ஐந்து எவ்வளவு பெரிசு என்று புரியும்.

அது லண்டன். சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு 2006-ல் வந்தது. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருஷத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவு, நடை பற்றி முறையாகச் சொல்லிக் கவனித்து வந்த குழுவில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவில் 40.5. அதாவது பேச்சு மாத்திரைக்குச் சமமாக வேலை செய்திருக்கிறது, நம் ஊரில், நம் சாப்பாடு சாப்பிடும் மக்களிடம். ஆனால் அவர்கள் ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடவில்லை, தொடர்ந்து விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். அதே குழு இன்னொரு ஆய்வில் 537 ஆண்களில் ஒரு பாதிப் பேருக்கு செல்போனில் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷத்தில் செய்தி போகாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும், செய்தி போனவர்களில் 18 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. 2013-ல் வெளியான ஆய்வு இது. விசாரிக்க ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்புக்கே அவ்வளவு பலன்.

அடுத்த ஆட்சேபம் நேரம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். 2017-ல் பல நாடுகளின் கணக்கை ஒன்று சேர்த்து ஒரு கட்டுரை வந்தது. ஸ்வீடனில் ஒரு நோயாளிக்கு டாக்டர் சராசரியாக 22.5 நிமிஷம் ஒதுக்குகிறார். பங்களாதேஷில் 48 விநாடி. நம் நாட்டுக் கணக்கு இரண்டு நிமிஷம். வெளியே வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார எங்கே முடியும்? ஆனால் நேரம் இருந்தால் மட்டும் கேட்பார்கள் என்பதும் நிச்சயம் இல்லை. அமெரிக்காவில் 1984-ல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி தன் கதையைச் சொல்லத் தொடங்கி சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே பேசிவிட்டார். அங்கே நேரத்துக்கு அவ்வளவு பஞ்சம் இல்லையே. என் அபிப்பிராயம், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறது என்பதால்தான் இந்தப் பயிற்சி இன்னும் அவசியம். மூன்று உத்தரவு போட ஆகும் அதே இருபது விநாடியில் ஒரு கேள்வி கேட்கலாம். “இதில உங்களுக்கு எது முடியும்னு தோணுது?” என்ற ஒன்றே போதும். அது இன்றைக்கு. மிச்சம் அடுத்த மாதம். எப்படியும் மாத்திரை வாங்க மாதம் ஒரு முறை வரத்தானே போகிறோம்.

மேலும் எல்லாவற்றையும் டாக்டரே பேச வேண்டும் என்று சட்டம் இல்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நம் தெருவுக்கே ஒரு பெண் வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் நம் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவர். நாம் உண்மையைச் சொல்வது அவரிடம்தான். ஒவ்வொரு மருத்துவ மாணவனையும் இரண்டு வாரம் அவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கவிட்டால், நான் இத்தனை நேரம் எழுதியதெல்லாம் தேவைப்படாது.

இனி பாடத்திட்டம். 2019-ல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து, அன்றைய இந்திய மருத்துவக் கழகம் ‘ஏட்காம்’ என்று ஒரு பாடத்தைக் கொண்டுவந்தது. மனப்பாங்கு, நெறிமுறை, நோயாளியோடு பேசும் முறை மூன்றும் அதில் அடக்கம். பின்னால் வந்த தேசிய மருத்துவ ஆணையம், ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலத்தில் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்தது. இரண்டையும் மனதார வரவேற்கிறேன். குடும்பத் தத்தெடுப்பு ஒழுங்காக நடந்தால், அது நாங்கள் பஸ்ஸில் கூட்டிப்போய்ச் செய்ததைவிட நல்லது. நாங்கள் ஒரு தடவை காட்டிவிட்டுத் திரும்பிவிடுவோம். மாணவன் அதே வீட்டுக்கு மறுபடி மறுபடி போகும்போதுதான், போன தடவை தலையாட்டியவர் இந்தத் தடவை என்ன செய்திருக்கிறார் என்று தெரியும். தன் பேச்சின் விளைவை அவனே பார்ப்பான்.

எனக்குள்ள குறைகள் இரண்டு. ஒன்று, நூற்றைம்பது பேர் உட்கார்ந்த ஹாலில் ‘நோயாளியோடு கனிவாகப் பேசுவது எப்படி’ என்று ஒரு மணி நேரம் சொற்பொழிவு ஆற்றுவது. நீச்சலைக் கரும்பலகையில் சொல்லிக்கொடுப்பது போல. அந்த மணி முடிந்து மாணவன் வார்டுக்குப் போகிறான். அங்கே அவன் பெரிதாக மதிக்கும் பேராசிரியர் நோயாளியின் பெயரைக்கூடக் கேட்காமல், “இந்த லிவர் கேஸைப் பாருங்க, சொல்லச் சொல்ல குடிச்சிட்டு வந்திருக்கான்” என்கிறார். நோயாளி காது கேட்கப் படுத்திருக்கிறார். மாணவன் எதைக் கற்றுக்கொள்வான்? ஆசிரியர்களுக்குத்தான் முதல் வகுப்பு வைக்க வேண்டும்.

இரண்டாவது, பரீட்சை. நம் பிள்ளைகள் மார்க் இல்லாத எதையும் படிக்கமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, நாம் அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975-லேயே ஒரு தேர்வு முறையை எழுதிவிட்டார். மாணவன் மேசை மேசையாகப் போவான், ஒவ்வொன்றிலும் சில நிமிஷம் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும், எதிரே இருப்பவர் பார்த்து மார்க் போடுவார். நம் கல்லூரிகளிலும் அது இருக்கிறது. ஒரு மேசையில் பிரஷர் பார்ப்பான், ஒரு மேசையில் எக்ஸ்ரே படிப்பான். இன்னொரு மேசையில் பீடி குடிக்கும் ஒருவரை உட்கார வைக்கட்டும். மாணவன் எத்தனை கேள்வி கேட்டான், எத்தனை உத்தரவு போட்டான், நோயாளியின் காரணத்தை அவர் வாயால் வரவழைத்தானா என்று எண்ணி மார்க் போடட்டும். நோயாளிக்கும் ஐந்து மார்க் போட உரிமை கொடுக்கட்டும். இறுதித் தேர்வில் அந்த மேசையில் தேறாதவன் மறுபடி எழுதட்டும். ஒரே வருஷத்தில் ஹாஸ்டலில் எல்லோரும் ஒருவரை ஒருவர் உட்கார வைத்துப் பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள்.

ஒன்றை இடையில் சொல்லாவிட்டால் அநியாயம். எல்லாப் பழக்கத்தையும் பேசி மாற்றிவிட முடியாது. நடங்கள் என்றால் நடக்க நடைபாதை வேண்டும். இருட்டியபின் ஒரு பெண் தனியாக நடக்கத் தெருவில் விளக்கு வேண்டும். குடியை விடு என்று சொல்லி அனுப்புகிற ஆஸ்பத்திரிக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் எத்தனை டாஸ்மாக் கடை என்று நமக்குத் தெரியும். மாணவனுக்கு இதையும் சொல்லித்தர வேண்டும், இல்லாவிட்டால் மாறாத ஒவ்வொருவரையும் திமிர் பிடித்தவர் என்று எழுதி வைத்துவிடுவான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? இரண்டு காரியம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ‘சரிங்க’ சொல்வதற்கு முன்னால், எது முடியாது, ஏன் முடியாது என்று ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். “டாக்டர், காலைல நடக்க முடியாது, பேரனை ஸ்கூல் வேன் ஏத்தணும். சாயங்காலம் நடக்கலாமா?” பெரும்பாலான டாக்டர்கள் கோபப்படமாட்டார்கள். எதிரே பயிற்சி மருத்துவர் இருந்தால், அவருக்கு அன்றைய பாடம் நீங்கள்தான்.

இரண்டாவது இன்னும் சுவாரசியமானது. அமெரிக்காவில் ஹோவர்டு பேரோஸ் என்ற டாக்டர் 1963-ல், நோயாளியாக நடிக்க ஆட்களைப் பழக்கி மாணவர்களுக்கு எதிரே உட்கார வைத்தார். இன்று பல நாடுகளில் அது சாதாரணம். இங்கே ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள். நமக்கு நடிக்கவே வேண்டாமே! சுகர், பிரஷர், மூட்டு, மூக்குப்பொடி எல்லாம் சொந்தமாகவே இருக்கிறது. பேசச் சொன்னால் நிறுத்தமாட்டோம். மாணவன் போனபிறகு, “தம்பி, நீ என் முகத்தைப் பார்க்காம கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசின, அப்பவே எனக்குச் சொல்லணும்கிற எண்ணம் போயிடுச்சு” என்று நேரே சொல்லும் வயதும் நமக்கு வந்துவிட்டது.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் ஏழு பேர் சரி என்றிருக்கிறார்கள். பக்கத்து மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறைக்கு ஒரு கடிதம் எழுதிவைத்திருக்கிறேன், திங்கட்கிழமை நேரில் போய்க் கொடுக்கப்போகிறேன். வாரத்தில் ஒரு நாள், காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, மாணவர்களுக்கு எதிரே உட்கார வருகிறோம், பணம் எதுவும் வேண்டாம், தரைத்தளத்தில் அறையும் கை வைத்த நாற்காலியும் இருந்தால் போதும் என்று எழுதியிருக்கிறேன். வர விருப்பம் உள்ளவர்கள் சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் பெயர் கொடுங்கள். பீடி, சிகரெட், பொடி பழக்கம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. வேறு எந்த வரிசையிலும் உங்களுக்கு இந்த மரியாதை கிடைக்காது.